அமெரிக்க ஹைஸ்கூலில் கிளப், ஹானர்ஸ், ஆக்டிவிட்டி: புதிதாக வந்த குடும்பங்களுக்கு

ஊரிலிருந்து வந்து பிள்ளையை ஒன்பதாவதிலோ பத்தாவதிலோ அமெரிக்கப் பள்ளியில் சேர்த்த பெற்றோருக்கு முதல் மாதம் முழுக்க பஸ் நேரம், லாக்கர் நம்பர், லஞ்ச் அக்கவுண்ட், எந்தக் கணக்குப் பாடம் என்பதிலேயே ஓடிவிடும். அப்புறம் ஏதாவது ஒரு பிறந்தநாள் விழாவில் யாராவது "உங்க பொண்ணு எந்த கிளப்ல இருக்கா?" என்று கேட்பார்கள், அன்று ராத்திரியே வீட்டில் பதற்றம் ஆரம்பமாகிவிடும். பதறத் தேவையில்லை. இங்கே கிளப்பில் சேருவது சுலபம், பெரும்பாலானவற்றில் பெயரைக் கொடுத்தால் போதும், நுழைவுத் தேர்வும் இல்லை, சிபாரிசும் வேண்டாம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. எதற்கு எந்த மாதத்தில் பெயர் கொடுக்க வேண்டும் என்பதை யாரும் வீடு தேடி வந்து சொல்ல மாட்டார்கள். இங்கேயே மிடில் ஸ்கூல் படித்த பிள்ளைகளுக்கு அண்ணன், அக்கா, பக்கத்து வீடு என்று எப்படியோ தெரிந்துவிடுகிறது, புதிதாக வந்தவர்களுக்குத் தெரிவதில்லை. அதனால் இங்கே தேதிகளைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன். மாநிலத்துக்கு மாநிலம், பள்ளிகளை நிர்வகிக்கும் டிஸ்ட்ரிக்டுக்கு டிஸ்ட்ரிக்ட் விதிகள் மாறும், ஆகவே உங்கள் பள்ளியின் ஹேண்ட்புக்கை ஒருமுறை படித்துவிடுங்கள்.

எது எது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

பேச்சில் எல்லாவற்றையும் ஆக்டிவிட்டி என்றே சொல்வார்கள், ஆனால் உள்ளே போகும் வழி வேறு வேறு. கிளப் என்றால் யார் வேண்டுமானாலும் வரலாம். டீம் என்றால் டிரைஅவுட் உண்டு, தேர்வானால்தான் இடம். ஹானர் சொசைட்டி என்றால் மதிப்பெண்ணும் விண்ணப்பமும் வேண்டும். இன்னொரு வகை இருக்கிறது, புதியவர்கள் அதிகம் கோட்டைவிடுவது அதில்தான்: பேண்ட், ஆர்கெஸ்ட்ரா, கொயர், இயர்புக், பள்ளிப் பத்திரிகை இவையெல்லாம் பல பள்ளிகளில் டைம்டேபிளுக்குள் இருக்கும் வகுப்புகள். செப்டம்பரில் போய் "சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டால் இடம் இருக்காது. அடுத்த ஆண்டுக்கான பாடத் தேர்வு பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரி வாக்கிலேயே முடிந்துவிடும், அந்தப் படிவத்திலேயே இவற்றைக் குறிக்க வேண்டும். கர்நாடக வயலின் தெரிந்த பிள்ளை ஆர்கெஸ்ட்ராவில் சேரலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாகச் சேரலாம், ஆனால் நொட்டேஷன் படிக்கவும் உட்காரும் முறையை மாற்றவும் சில மாதம் ஆகும், முன்பே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள்.

அறிவிப்புகளில் வரும் ஃப்ரெஷ்மேன், சோஃபோமோர், ஜூனியர், சீனியர் என்பவை முறையே 9, 10, 11, 12-ஆம் வகுப்புகள். ஜூனியர் என்று பார்த்ததும் சின்னப் பிள்ளைகளுக்கானது என்று மின்னஞ்சலை அழித்துவிடாதீர்கள், முக்கியமான தேதிகள் பலவும் அந்த ஆண்டில்தான் வருகின்றன.

முதல் மூன்று வாரம்

பள்ளி இணையதளத்தில் ஆக்டிவிட்டீஸ் பக்கத்தில் கிளப் பட்டியல் இருக்கும், பொறுப்பாசிரியர் பெயர், அறை எண், கூடும் நாள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன், பாதிப் பட்டியல் போன வருடத்தியதாக இருக்கும். நம்பகமானது கிளப் ஃபேர். பள்ளி திறந்த சில வாரங்களில் மதிய உணவு நேரத்தில் கேஃபடீரியாவிலோ ஜிம்மிலோ நடக்கும். வரிசையாக மடக்கு மேசைகள், ஒவ்வொன்றிலும் மூன்று மடிப்பு அட்டை ஒன்று, கையால் எழுதிய பெயர், ஒரு கிண்ணம் நிறைய மிட்டாய், செல்லோடேப் போட்டு ஒட்டிய க்யூஆர் கோடு. மேசைக்குப் பின்னால் நிற்பவர்கள் மாணவர்கள்தான், ஆசிரியர் இல்லை. கூட்டத்தில் யாரும் புதியவரை இழுத்து உட்காரவைக்க மாட்டார்கள், நாமே போய் "எப்போது கூடுகிறீர்கள், என்ன செய்வீர்கள்?" என்று கேட்க வேண்டும். பிள்ளைக்குக் கூச்சம் என்றால் இந்த இரண்டு கேள்வியை மட்டும் வீட்டிலேயே சொல்லிப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

ஐந்தாறில் பெயர் கொடுக்கலாம், தப்பில்லை, எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். எல்லாவற்றின் முதல் கூட்டத்துக்கும் போய்ப் பார்த்துவிட்டு இரண்டு, அதிகபட்சம் மூன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள். வைத்துக்கொள்வதா விடுவதா என்று முடிவெடுக்க ஒரு சோதனை சொல்கிறேன்: கூட்டம் முடிந்து வரும்போது அடுத்த வாரத்துக்குள் செய்ய வேண்டிய வேலை ஏதாவது கையில் இருக்கிறதா? இருந்தால் அது உயிருள்ள கிளப். பீட்சா தின்றுவிட்டுக் கலைந்தோம் என்றால் மே மாதம் வரை அதேதான் நடக்கும்.

இடையில் வந்து சேர்ந்தால், ஜனவரியில் வந்தாலும்கூட, பொறுப்பாசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் போதும். எழுத வேண்டியது பிள்ளை, நீங்கள் இல்லை. அப்பா அம்மா எழுதினால் பதில் மரியாதையாகத்தான் வரும், ஆனால் ஹைஸ்கூலில் அது பிள்ளைக்குக் கொஞ்சம் சங்கடம். சார், மேடம் என்றெல்லாம் தொடங்க வேண்டாம், மிஸ்டர் அல்லது மிஸ் என்று போட்டுக் குடும்பப் பெயர். அப்புறம் இவ்வளவுதான்: "நான் இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த பத்தாம் வகுப்பு மாணவி. ஸ்டேஜ் க்ரூவில் சேர விருப்பம். முன் அனுபவம் இல்லை. அடுத்த கூட்டம் எப்போது, எந்த அறையில்?" நாலு வரிக்கு மேல் போனால் அந்த மின்னஞ்சல் "அப்புறம் படிக்கலாம்" பட்டியலுக்குப் போய்விடும்.

சாயங்காலம் வீடு திரும்புவது எப்படி என்பதையும் அன்றே கேட்டுக்கொள்ளுங்கள். சில பள்ளிகளில் ஆக்டிவிட்டி பஸ் உண்டு, பல பள்ளிகளில் கிடையாது. இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில் கிளப் நின்றுபோவதற்குப் பாதிக் காரணம் ஐந்து மணிக்கு யார் கூட்டி வருவது என்பதுதான்.

எதில் சேருவது

நம் பிள்ளைகள் கூட்டமாக டிபேட், டெகா, ஹோசா, கணிதம் என்று நான்கைந்தில் போய் நிற்பது எல்லா ஊரிலும் பார்க்கும் காட்சி. அதில் குற்றமில்லை, ஆனால் என்னவென்று தெரிந்து போங்கள்.

டெகா 1946-ல் தொடங்கிய வணிக மாணவர் அமைப்பு. அதன் போட்டிகளில் பிரபலமான வகை ரோல்-ப்ளே: ஒரு கடை அல்லது ஓட்டலின் சிக்கலை எழுதிக் கையில் கொடுப்பார்கள், 10 நிமிடம் யோசிக்க, அடுத்த 10 நிமிடம் நடுவர் முன்னால் மேனேஜர் மாதிரி பேச வேண்டும். ஹோசா மருத்துவம், சுகாதாரம் பக்கம் போக நினைப்பவர்களுக்கு. இந்த இரண்டிலும் சேர சில பள்ளிகளில் அதற்கான வகுப்பும் எடுத்திருக்க வேண்டும், கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

சயின்ஸ் ஒலிம்பியாட்டில் ஒரு அணிக்கு 15 பேர், 23 போட்டிகள், பெரும்பாலும் இரண்டிரண்டு பேராகக் களமிறங்குவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒவ்வொருவர் தலையிலும் மூன்று நான்கு விழும். அதனால் டிரைஅவுட்டுக்கு எல்லாவற்றையும் மேலோட்டமாகப் படிப்பதைவிட யாரும் சீண்டாத ஒரு தலைப்பை, பாறைகள், நீரியல் மாதிரி ஏதாவது ஒன்றை, ஆழமாகப் படித்துவிட்டுப் போகிற பிள்ளைக்கு வாய்ப்பு அதிகம். உயிரியல் கேள்விகளுக்கு ஆள் எப்போதும் அலைமோதும்.

கணிதத்தில் ஏ.எம்.சி. தேர்வு நவம்பரில் வரும், 75 நிமிடத்தில் 25 கேள்வி. 10-ஆம் வகுப்பு வரை ஒன்று, 12-ஆம் வகுப்பு வரை ஒன்று என்று இரண்டு தாள். நன்றாகச் செய்தவர்களை அடுத்து ஏ.ஐ.எம்.இ.க்கு அழைப்பார்கள், அதில் 15 கேள்விக்கு 3 மணி நேரம். உங்கள் பள்ளி நடத்துகிறதா என்று செப்டம்பரிலேயே கணித ஆசிரியரிடம் கேளுங்கள், நடத்தாவிட்டால் வெளியில் இடம் தேட நேரம் வேண்டும்.

ரோபாட்டிக்ஸ் என்றால் ஃபர்ஸ்ட் அமைப்பின் போட்டிகள் பெயர்பெற்றவை. அதில் பெரிய ரோபோ பிரிவில் அந்த ஆண்டின் விளையாட்டு என்ன என்பதை ஜனவரி தொடக்கத்தில்தான் வெளியிடுவார்கள். அதிலிருந்து சில வாரங்களுக்குப் பிள்ளை வீட்டில் தூங்க மட்டும்தான் வரும். ஆள் எடுப்பதும் பயிற்சி கொடுப்பதும் அதற்கு முந்தைய இலையுதிர் காலத்திலேயே நடந்து முடிந்திருக்கும்.

என் அபிப்பிராயம் என்று கேட்டால், புதிதாக வந்த பிள்ளைக்கு முதல் கிளப்பாகக் கையால் வேலை செய்கிற ஒன்றைச் சொல்வேன். நாடகத்துக்கு மேடை வேலை செய்யும் ஸ்டேஜ் க்ரூ, ரோபாட்டிக்ஸ் பட்டறை, பள்ளித் தோட்டம் மாதிரி. செட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது அடுத்த பிரஷ்ஷை எடுத்துக் கொடு என்பதில் தொடங்கும் பேச்சு, வட்டமாக உட்காரவைத்து "உன்னைப் பற்றிச் சொல்" என்று கேட்டால் வராது. உச்சரிப்பு பற்றிய பயமும் அங்கே தானாகக் கரையும். இரண்டாவதாக, பேசவே பயப்படுகிற பிள்ளையையும் ஒரு வருடம் ஸ்பீச் அண்ட் டிபேட்டில் விட்டுப் பாருங்கள். டிபேட் என்றால் மேடையில் சண்டை போடுவது மட்டுமில்லை, எக்ஸ்டெம்ப் என்று ஒரு பிரிவு இருக்கிறது: நடப்புச் செய்தியிலிருந்து ஒரு கேள்வி, 30 நிமிடத் தயாரிப்பு, 7 நிமிடப் பேச்சு. செய்தித்தாள் படிக்கும் பழக்கமுள்ள நம் பிள்ளைகளுக்கு இது நன்றாக வரும்.

விளையாட்டைப் பற்றிச் சுருக்கமாக. ஃபால் சீசனுக்கான டிரைஅவுட் பள்ளி திறக்கும் முன்பே, ஆகஸ்டில் நடந்துவிடும். டாக்டர் கையெழுத்திட்ட ஃபிசிக்கல், அதாவது உடல் பரிசோதனைப் படிவம் இல்லாமல் மைதானத்தில் காலே வைக்க விடமாட்டார்கள், ஆகவே ஜூலையிலேயே அப்பாயின்ட்மென்ட் போடுங்கள். கிராஸ் கன்ட்ரி, அதாவது நெடுந்தூர ஓட்டம், பல பள்ளிகளில் யாரையும் கழிக்காத அணி. ஓடிப் பழக்கமே இல்லாதவர்களும் சேரலாம். வார்சிட்டி என்பது முதல் அணி, ஜே.வி. அடுத்தது. ஒன்பதாவதில் ஜே.வி. கிடைத்தால் சந்தோஷப்படுங்கள். டெக்சாஸில் இருப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்கவும்: ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே போனால் குறைந்தது மூன்று வாரம் போட்டிகளில் இறங்க முடியாது. 1984-லிருந்து சட்டம் அப்படி. பயிற்சிக்குப் போகலாம். ஏ.பி. (கல்லூரித் தரத்தில் நடத்தும் பாடங்கள்), ஹானர்ஸ் பாடங்களுக்குப் பல டிஸ்ட்ரிக்டுகளில் விலக்கு உண்டு.

ஹானர்ஸ் என்று சொல்வது எதையெல்லாம்

ஹானர்ஸ் வகுப்பு வேறு, ஹானர் ரோல் வேறு, ஹானர் சொசைட்டி வேறு. வகுப்பு என்பது அதே பாடத்தின் கடினமான வடிவம். பல பள்ளிகளில் ஹானர்ஸில் வாங்கும் 'ஏ'வுக்கு 4.0-க்குப் பதில் 4.5, ஏ.பி.யில் வாங்கினால் 5.0 என்று கூட்டிக் கணக்கிடுவார்கள். ஜி.பி.ஏ. என்பது எல்லாப் பாட கிரேடுகளின் சராசரிப் புள்ளி, இப்படிக் கூட்டிக் கணக்கிட்டால் அது வெயிட்டட் ஜி.பி.ஏ. ஹானர் ரோல் என்பது அந்தப் பருவத்தில் நல்ல மதிப்பெண் எடுத்தவர் பட்டியல், விண்ணப்பம் எதுவும் வேண்டாம், தானாக வரும்.

இங்கே ஊரிலிருந்து வந்தவர்களுக்கென்று ஒரு விஷயம். நம்மூர் மார்க் ஷீட்டைச் சில பள்ளிகள் கிரேடாக மாற்றிப் போடும், சில பள்ளிகள் வெறும் பாஸ் என்று மட்டும் பதியும். பாஸ் என்று பதிந்தால் ஜி.பி.ஏ. இங்கே படித்த பாடங்களிலிருந்து மட்டும் கணக்காகும், அப்போது முதல் செமஸ்டரின் எடை மிக அதிகம். எது என்று கவுன்சிலரிடம், அதாவது பாடத் தேர்வுக்கும் கல்லூரிக்கும் வழிகாட்டும் பள்ளி ஆலோசகரிடம், நேரடியாகக் கேளுங்கள், எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏன் முக்கியம் என்றால் நேஷனல் ஹானர் சொசைட்டி. 1921-ல் தொடங்கிய அமைப்பு, பள்ளிக் கிளை வழியாக மட்டும்தான் சேர முடியும், தனியாகப் போய்ச் சேர முடியாது. படிப்பு, சேவை, தலைமை, நடத்தை என்று நான்கைப் பார்ப்பார்கள். மொத்த ஜி.பி.ஏ. குறைந்தது 3.0 என்பது தேசிய அளவு, பள்ளிகள் அதை 3.5, அதற்கு மேல் என்று உயர்த்தி வைத்திருப்பது சகஜம். 10-ஆம் வகுப்பிலிருந்துதான் தகுதி. ஐந்து ஆசிரியர்கள் கொண்ட குழு முடிவு செய்யும். பள்ளியில் குறைந்தது ஒரு செமஸ்டர் படித்திருக்க வேண்டும் என்ற விதியும் பல இடங்களில் உண்டு. படிவத்தில் சேவை மணிநேரம், பொறுப்புகள், ஆசிரியர் கையெழுத்து எல்லாம் கேட்பார்கள், அதை ஒரு வாரத்தில் தேடித் திரட்ட முடியாது. ஜி.பி.ஏ. 4.0 இருந்தும் சேவைக் கட்டம் காலியாக இருந்ததால் விட்டுப்போன பிள்ளைகள் நிறைய.

பாடவாரி ஹானர் சொசைட்டிகளும் உண்டு, கணிதத்துக்கு மு ஆல்ஃபா தீட்டா, இசைக்கு ட்ரை-எம் என்று. இருந்தால் சேரலாம், ஐந்தாறைச் சேகரிப்பதில் பயன் இல்லை.

தபாலில் வரும் அழைப்புகளில் கவனம். "உங்கள் பிள்ளை தேசிய அளவில் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளார்" என்று தங்க முத்திரை போட்ட கடிதம் வரும், கடைசிப் பத்தியில் கட்டணம் இருக்கும். சட்டவிரோதம் ஒன்றுமில்லை, ஆனால் காசு கொடுத்தால் கிடைப்பதற்குக் கல்லூரியில் மதிப்பு கிடையாது. கவுன்சிலரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பி.எஸ்.ஏ.டி. பற்றி மறக்காமல் சொல்ல வேண்டும். கல்லூரி நுழைவுக்கான எஸ்.ஏ.டி. தேர்வின் முன்னோட்டம் இது, அக்டோபரில் நடக்கும், 11-ஆம் வகுப்பில் எழுதுவது மட்டும்தான் நேஷனல் மெரிட் என்ற உதவித்தொகைப் போட்டிக்குக் கணக்கு. நாடு முழுக்கச் சுமார் 16,000 பேர் செமிஃபைனலிஸ்ட் ஆவார்கள், பட்டியல் அடுத்த செப்டம்பரில் வரும். கட்-ஆஃப் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், நியூஜெர்சி, மாசசூசெட்ஸ் போன்ற இடங்களில் உச்சத்தில் நிற்கும். 11-ஆம் வகுப்பில் நேராக வந்து சேருகிறீர்கள் என்றால் முதல் வாரமே இதைப் பற்றிக் கேளுங்கள், எல்லாப் பள்ளியும் எல்லோரையும் தானாகப் பதிவு செய்வதில்லை. ஏ.பி. தேர்வுகள் மே மாதம். மூன்று தேர்வில் 3 அல்லது அதற்கு மேல் எடுத்தால் ஏ.பி. ஸ்காலர் என்ற விருது தானாக வரும்.

சேவை மணிநேரம், விசா, தமிழ்

சில இடங்களில் சேவை என்பது விருப்பம் இல்லை, கட்டாயம். மேரிலாந்தில் 75 மணி நேரம் இல்லாமல் பள்ளி முடித்த பட்டயம் (டிப்ளமா) கிடையாது. எங்கே இருந்தாலும் ஒரு எக்செல் தாளில் தேதி, இடம், நேரம், பொறுப்பாளர் பெயர் என்று அன்றன்றே எழுதிவையுங்கள், கையெழுத்தையும் அன்றே வாங்குங்கள். இரண்டு வருடம் கழித்து ஃபுட் பேங்கில் யார் பொறுப்பில் இருந்தார் என்று யாருக்கும் நினைவிருக்காது. வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுதச் சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளப்படும். கோவில் வேலை பள்ளிக்குப் பள்ளி மாறும், அன்னதானம் பரிமாறுவதை ஏற்று, வழிபாடு சார்ந்ததை மறுக்கும் இடங்கள் உண்டு. முன்னால் கேட்டுவிடுவது நல்லது.

எச்-4 விசாவில் (எச்-1பி-யில் வேலை பார்ப்பவரின் குடும்பத்துக்கான விசா) இருக்கும் பிள்ளை சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. கோடைகால இன்டர்ன்ஷிப்பில் ஸ்டைபண்ட் கொடுத்தாலும் அது சிக்கல்தான், வக்கீலிடம் கேட்காமல் வாங்க வேண்டாம். கிளப், போட்டி, உண்மையான தன்னார்வ வேலை இவற்றுக்குத் தடை இல்லை. பிரெசிடென்ஷியல் ஸ்காலர் மாதிரி சில கௌரவங்கள் மட்டும் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்களுக்குத்தான், அதனால் பெரிதாக உழைக்கத் தொடங்கும் முன் தகுதிப் பகுதியைப் படித்துவிடுங்கள்.

நம்மவர்கள் பலர் கவனிக்காமல் விடுவது சீல் ஆஃப் பைலிட்டரசி. ஆங்கிலத்திலும் இன்னொரு மொழியிலும் தேர்ச்சி காட்டினால் பட்டயத்தில் முத்திரை. கலிபோர்னியா 2011-ல் தொடங்கி வைத்தது, இப்போது கிட்டத்தட்ட எல்லா மாநிலத்திலும் உண்டு. தமிழுக்கும் வாங்கலாம், வாங்கிய பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் பள்ளியில் சொல்லித்தராத மொழி என்பதால் எந்தத் தேர்வை ஏற்பார்கள், எப்போது பதிய வேண்டும் என்பதை உலக மொழிகள் துறையில் கேட்டால்தான் தெரியும். 11-ஆம் வகுப்பிலேயே கேளுங்கள். ஊரில் எட்டாவது வரை தமிழ் படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு இது கையிலிருக்கும் பணம்.

சொந்தமாக கிளப் தொடங்கலாமா

தொடங்கலாம், தடையில்லை. ஒரு ஆசிரியர் பொறுப்பேற்க வேண்டும், ஒரு பக்க விதிமுறை எழுத வேண்டும், சில பள்ளிகளில் குறைந்தபட்ச உறுப்பினர் கையெழுத்து வேண்டும். பாடத்தோடு சம்பந்தமில்லாத ஒரு மாணவர் கிளப்பையாவது பள்ளி அனுமதித்திருந்தால், மதம், அரசியல், கொள்கை காரணமாக இன்னொன்றை மறுக்கக் கூடாது என்று 1984-ஆம் ஆண்டின் ஈக்வல் ஆக்ஸஸ் ஆக்ட் சொல்கிறது. மத்திய அரசின் நிதி பெறும் பள்ளிகளுக்கு இது பொருந்தும். மாணவர்தான் தொடங்க வேண்டும், மாணவர்தான் நடத்த வேண்டும் என்பதும் அதில் உண்டு. பெற்றோர் தொடங்கி வைக்கிற தமிழ் கிளப்புக்கு இது பொருந்தாது, ஆசை எவ்வளவு இருந்தாலும் கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள். தலைவர் பட்டத்துக்காக மட்டும் தொடங்கும் கிளப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏற்கெனவே இருக்கும் கிளப்பில் பொருளாளராக ஒரு வருடம் கணக்கு எழுதினாலே சொல்ல நிறைய இருக்கும். பொறுப்பாளர் தேர்தல் ஏப்ரல், மே வாக்கில் நடக்கும், இரண்டு மாதம் முன்பே ஆசிரியரிடம் விருப்பத்தைச் சொல்லி வைக்கட்டும்.

12-ஆம் வகுப்பில் எழுதும்போது

பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்பில் ஆக்டிவிட்டிக்கு 10 இடம், ஹானர்ஸுக்கு 5 இடம், அவ்வளவுதான். ஒவ்வொரு ஆக்டிவிட்டியையும் விவரிக்க 150 கேரக்டர், இடைவெளியும் சேர்த்து. கலிபோர்னியா பல்கலைக்கழக விண்ணப்பம் தாராளம், 20 இடம், 350 கேரக்டர். "ரோபாட்டிக்ஸ் குழுவில் ஆர்வத்துடன் பங்கேற்றேன், பல போட்டிகளுக்குச் சென்றேன்" என்று எழுதினால் அதில் ஒன்றும் இல்லை. "ரோபோவின் தூக்கும் கையை வடிவமைத்தேன், உடைந்தபின் அலுமினியத்தில் மாற்றினேன், 3 புதியவர்களுக்கு வயரிங் கற்றுக்கொடுத்தேன்" என்றால் ஆள் கண்ணுக்குத் தெரிகிறான். வாரத்துக்கு எத்தனை மணி, வருடத்துக்கு எத்தனை வாரம் என்றும் கேட்பார்கள், அந்த எக்செல் தாள் அப்போது உதவும்.

காமன் ஆப் படிவத்தில் குடும்பப் பொறுப்பு என்று தனி வகையே இருக்கிறது. தம்பியைத் தினமும் கூட்டி வந்து சாப்பாடு கொடுத்துப் பாடம் சொல்லித்தருவது, தாத்தாவுக்கு டாக்டரிடம் மொழிபெயர்ப்பது இதெல்லாம் அங்கே எழுத வேண்டியவை. நம் வீடுகளில் இதை யாரும் ஆக்டிவிட்டியாக நினைப்பதில்லை, பிள்ளையும் எழுதாது, நீங்கள்தான் ஞாபகப்படுத்த வேண்டும்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. கிளப் சந்தா சின்னத் தொகைதான், மாநில, தேசியப் போட்டிக்கு விமானம், ஓட்டல் என்று வரும்போதுதான் பில் ஏறும். ஆரம்பத்திலேயே "முழு வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்று கேளுங்கள். முடியாவிட்டால் உதவித்தொகை, தவணை இருக்கிறதா என்று பொறுப்பாசிரியரிடமோ கவுன்சிலரிடமோ பிள்ளை தனியாகக் கேட்கலாம், இங்கே அதை யாரும் கௌரவக் குறைவாக எடுத்துக்கொள்வதில்லை. பூஸ்டர் கிளப் பெற்றோர்கள் ஆட்டத்தின்போது ஸ்நாக்ஸ் கடை நடத்திப் பணம் திரட்டுவதும் இதற்குத்தான், இரண்டு மணி நேரம் போய் நின்றால் மற்ற பெற்றோரும் பழக்கமாவார்கள்.

கடைசியாக, பட்டமளிப்பு அன்று கழுத்தில் தொங்கும் வண்ணக் கயிறுகள். ஒவ்வொரு ஹானர் சொசைட்டிக்கும் ஒரு நிறம். அதற்கான சேவை மணிநேரப் படிவத்தை சீனியர் ஆண்டின் வசந்தத்தில் ஒப்படைக்க வேண்டும், அந்தத் தேதி தவறினால் உறுப்பினராக இருந்தும் கயிறு கிடைக்காது. சில பள்ளிகள் இலவசமாகத் தரும், சில பள்ளிகள் காசு வாங்கும், சில பள்ளிகள் விழா முடிந்ததும் திருப்பிக் கேட்கும், எதுவென்று மார்ச் மாதமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.